வகுப்பில் சொன்னது வாசல் தாண்டக் கூடாது: புதிய வகுப்புத் தலைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஜனவரியில் எங்கள் மெதடிஸ்த சபையில் நான்கு பேர் புதிய வகுப்புத் தலைவர்களானார்கள். வகுப்பு என்பது பத்துப் பன்னிரண்டு பேர் வாரந்தோறும் கூடி ஜெபிக்கும் சிறு குழு. மூவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர்களுடைய வியாழக்கிழமைக் கூட்டங்களுக்கு மாறி மாறிப் போய்க் கடைசிப் பாயில் உட்கார்ந்து வருகிறேன். போன வாரம் அவர்களில் ஒருவர், "வேறொரு வகுப்புச் சகோதரரின் வீட்டுச் சங்கடத்துக்காக ஜெபிப்போம்" என்று தொடங்கி, அது என்ன சங்கடம், எத்தனை இலட்சம், யாரிடம் வாங்கிய கடன் என்பதுவரை ஜெபத்துக்குள்ளேயே சொல்லி முடித்தார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்ததையே அவர் செய்துகொண்டிருந்தார்.

நேரத்துக்கு வருவது, கைபேசியை அணைத்து வைப்பது, பாட்டை முன்னதாகத் தெரிவு செய்வது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை தாமாகவே படிந்துவிடும். தாமாகத் திருந்தாத சிலவற்றைத்தான் எழுதுகிறேன்.

இரண்டாவது பிரசங்கம்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வது இது. ஞாயிறன்று போதகர் பேசிய வசனத்தை எடுத்து இன்னொரு முக்கால் மணி நேரம் விளக்குவார்கள். வந்தவர்கள் கேட்டுவிட்டுத் தலையாட்டிப் போவார்கள்.

வகுப்பு எப்படித் தொடங்கியது என்று தெரிந்தால் இதைச் செய்யத் தோன்றாது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்த கூடத்தின் கடனை எப்படி அடைப்பது என்று அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி ஆலோசனை கேட்டார். ஃபாய் என்ற கப்பல் தலைவர் எழுந்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார். பலர் ஏழைகள், அவர்களால் முடியாது என்று மறுமொழி வந்தது. "மிக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள். வாரந்தோறும் அவர்களை நான் போய்ப் பார்க்கிறேன். கொடுக்க முடியாதவருக்கு நானே போடுகிறேன்" என்ற பொருளில் அவர் சொன்னதுதான் வகுப்புக்கு வித்து. காசு வாங்க வீடு வீடாகப் போனவர்களுக்கு ஒவ்வொரு வீட்டின் நிலைமையும் தெரியவந்தது. யார் நோயில் கிடக்கிறார், யார் வழி தவறுகிறார் என்று அறிந்து வந்து சொன்னார்கள். தனக்கு வேண்டியிருந்தது இதுதான் என்று வெஸ்லி கண்டுகொண்டார். 1743இல் அவர் அச்சிட்ட பொது விதிகளில் வகுப்புத் தலைவரின் முதல் கடமை, தம் பொறுப்பில் உள்ள ஏறக்குறைய பன்னிரண்டு பேரையும் வாரத்தில் ஒரு தடவையாவது பார்த்து, அவர்களுடைய ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது.

விசாரிப்பதுதான் வேலை. பத்து நிமிடம் வசனம் போதும். மீதி நேரம் அவர்களுடையது.

ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வெளியே போகும் கதை

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் பதினொரு பேர். வியாழன் மாலை ஆறரைக்கு, மட்டக்களப்பு வாவிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவோம். ஒரு நாள் எல்லோரும் எழுந்து போன பிறகு ஒரு தங்கை மட்டும் பாயைச் சுருட்டுவதுபோல் நின்றாள். கணவர் கட்டாரில் வேலை. நான்கு மாதமாகப் பணம் வரவில்லை. தாலிக்கொடியை அடகு வைத்துப் பிள்ளைகளின் பாடசாலைச் செலவைப் பார்த்திருக்கிறாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். மாமியாருக்குத் தெரியாமல் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடமாடுகிறாள். இருவரும் முழங்காலில் நின்று ஜெபித்தோம்.

மறுநாள் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்புகள் கேட்டார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன்: "எங்கள் வகுப்பில் ஒரு சகோதரி. கணவர் வெளிநாட்டில். கொடியை அடகு வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம், ஜெபியுங்கள்." என் வகுப்பில் கணவர் வெளிநாட்டில் இருந்தவள் அவள் ஒருத்திதான். அந்தக் கணக்கைப் போட அங்கிருந்த யாருக்கும் ஒரு நிமிடம்கூட ஆகியிராது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். வயதான ஓர் அம்மா, உண்மையான பரிவோடு, அவளுடைய சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைத் தொட்டு, "கொடியை மீட்டுவிட்டாயா, பிள்ளை?" என்று கேட்டார். மாமியார் இரண்டடி தள்ளி நின்றார். அவள் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, கையிலிருந்த கோப்பையை மதில்மேல் வைத்துவிட்டு நடந்தாள். தேநீரில் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. சண்டை அன்றிரவே தொலைபேசியில் கட்டாருக்குப் போய்விட்டது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். படியில் உட்காரவைத்து மரியாதையாகத் தேநீர் தந்தாள். "நான் உங்களிடம்தானே சொன்னேன், அக்கா" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த ஆண்டு வகுப்புக்குத் திரும்பி வந்தாள். இன்றுவரை வருகிறாள். அவளுடைய முறை வரும்போது "கர்த்தர் நல்லவர், எல்லாம் நலம்" என்பாள். வேறெதுவும் சொல்வதில்லை.

பாதிக்கப்பட்டது அவள் மட்டும் என்று நினைத்தேன். இல்லை. மற்றப் பத்துப் பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, வராமலும் இருக்கவில்லை. ஆனால் குறிப்புகள் மாறிவிட்டன. முழங்கால் வலி, பிள்ளைகளின் பரீட்சை, பிரயாணம், மழை. இரண்டு ஆண்டுகள் என் வகுப்பில் யாரும் பாவத்தைப் பற்றியோ பயத்தைப் பற்றியோ பேசவில்லை. உங்கள் வகுப்பில் நோயும் பரீட்சையும் மட்டுமே ஜெபக் குறிப்பாக வருகின்றன என்றால், எங்கேயோ ஒழுகியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல், இந்தத் தவறு பக்தியின் உடையில் வருவதுதான். புறங்கூறுகிறோம் என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்வோம். ஜெபம் என்று பெயர் வைத்துவிட்டால் நமக்கே தெரிவதில்லை. இப்போது வாட்ஸ்அப் குழுக்களும் வந்துவிட்டன. அன்று இருபது பேர் அறிந்ததை இன்று இருநூறு பேர் அறிகிறார்கள், பரவிய பிறகு அழிக்கவும் முடிவதில்லை.

ஆகவே நான் கைக்கொள்வது இது. யாராவது ஒன்றைச் சொன்னால், அங்கேயே கேட்டுவிடுவேன்: "இதை வேறெங்காவது ஜெபத்துக்குச் சொல்லலாமா? சொன்னால் எந்த வார்த்தையில்?" அவர் "குடும்பத்துக்காக" என்று மட்டும் சொல்லச் சொன்னால், அந்த ஒரு சொல்தான் வெளியே போகும். பெயரை மறைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். சிறிய சபையில் பெயரில்லாத கதை என்று ஒன்று கிடையாது. பண உதவி தேவைப்பட்டால், அவருடைய சம்மதத்தோடு போதகரிடம் தனியாகச் சொல்லுங்கள். பழைய விதிகளிலும் தலைவர் வாரந்தோறும் போதகரையும் பொறுப்பாளர்களையும் சந்தித்து நோயாளிகளைப் பற்றி அறிவிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. பெண்கள் ஐக்கியத்திலும் தேநீர் மேசையிலும் அறிவிக்கச் சொல்லவில்லை.

ஜெபிக்கும்போதும் விவரம் சேர்க்காதீர்கள். "ஆண்டவரே, இந்தத் தங்கையைத் தாங்கும்" என்றால் போதும். அடகுக் கடையின் பெயர் அவருக்குத் தெரியும்.

ஒரு விலக்கு உண்டு. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது, ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுகிறார், வீட்டில் அடி உதை நடக்கிறது என்றால் அதை உங்கள் நெஞ்சுக்குள் பூட்டி வைக்கக் கூடாது. உதவக்கூடியவர்களிடம் போயே ஆகவேண்டும். அதனால்தான் "யாரிடமும் சொல்லமாட்டேன், சத்தியம்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள் என்கிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் பேசுவேன், மற்றபடி பேசமாட்டேன் என்று முதல் கூட்டத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

போதகர் பார்த்துக்கொள்வார் என்று விடுவது

மெதடிஸ்த போதகர்கள் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. சில ஆண்டுகளில் வேறு சேகரத்துக்கு மாற்றலாகிவிடுவார்கள். 1814இல் இலங்கைக்கு வந்த முதல் மிஷனரிகளில் வில்லியம் ஆல்ட் மட்டக்களப்புக்குத் தனியாக வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே இங்கே இறந்துபோனார். போதகர் இல்லாத நாட்களையும் சபை கடக்க வேண்டும். வகுப்புக்கு வராத ஒருவரைப் போய்ப் பார்க்கவேண்டியவர் நீங்கள்தான், அதுவும் அவர் வராத முதல் வாரத்திலேயே. போகும்போது "ஏன் வரவில்லை?" என்று தொடங்காதீர்கள். அது பாடசாலையில் வரவு கூப்பிடுவதுபோல் விழும். "உங்களைக் காணவில்லை, அதுதான் வந்தேன்" என்று சொல்லுங்கள்.

உடனே புத்தி சொல்வது

கேட்டால் மட்டும்.

பலகாரப் போட்டி

கூட்டம் வீடு மாறி மாறி நடந்தால், முதல் வீட்டில் பிஸ்கட். இரண்டாம் வீட்டில் வடை. நான்காம் வீட்டில் கட்லட்டும் கேக்கும். ஐந்தாம் வீட்டுக்காரர் "எங்கள் வீட்டில் கூரை வேலை நடக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பார். அடுத்த மாதமும் கூரை வேலை நடக்கும். வசதி குறைந்தவர் வீட்டு வாசலைக் கூட்டம் மிதிக்காமலே போவது இப்படித்தான். சாயத் தேநீர், ஒரு பிஸ்கட் என்று ஆரம்பத்திலேயே வகுத்துவிடுங்கள். முதலில் உங்கள் வீட்டில் அதைச் செய்து காட்டுங்கள். வசதியான வீட்டுக்காரர் கோபித்தால் கோபிக்கட்டும்.

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது

தாண்டாதீர்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

காணிக்கையை எல்லோர் முன்னாலும் எண்ணுவது

புதியவர்களில் ஒருவர் தட்டு வைத்தார். தட்டில் ஐந்நூறு ரூபாய்த் தாளும் பத்து ரூபாய்க் காசும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பத்து ரூபாய் போட்டவர் அடுத்த பாட்டு முடியும்வரை தலை நிமிரவில்லை.

என் வகுப்பில் வாய் சுருக்கிய துணிப்பை ஒன்று சுற்றி வரும். எல்லோரும் மூடிய கையை உள்ளே விட்டு, விரித்த கையை வெளியே எடுப்போம். கையில் எதுவும் இல்லாதவரும் அப்படியே செய்வார். வீட்டுக்குப் போய்த் தனியாக எண்ணுவேன். அந்த வாரம் குறைந்ததை நான் போட்டுவிட்டுப் பேரேட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதுவேன்.