சரவுண்ட் ஸ்பீக்கர் மாட்டும்போது நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

மதுரையில் புதுவீடு கட்டுகிறவர்கள் பலர் இப்போது ஹாலிலோ மாடி அறையிலோ ஒரு ஹோம் தியேட்டர் வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் ஐந்து ஸ்பீக்கர், கனத்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர், எல்லாவற்றையும் இயக்க ஒரு ஏவி ரிசீவர் என்று செட்டாக வாங்கி வீட்டில் இறக்கிய பிறகுதான் 'இதையெல்லாம் எங்கே மாட்டுவது?' என்ற கேள்வி வருகிறது. உட்காரும் இடத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதை வைத்து ஸ்பீக்கர் வரும் இடம். எந்த ஸ்பீக்கர் என்பது அதற்கும் அப்புறம். இந்த வரிசை தலைகீழாகும்போது சிரமப்படுவது பெரும்பாலும் சுற்றுப்புற ஒலிக்கான சரவுண்ட் ஸ்பீக்கர்கள்தான். முன்பக்க ஸ்பீக்கர்களுக்கு டிவி பக்கத்தில் எப்படியும் இடம் கிடைத்துவிடும். சரவுண்டை ஆணி அடிக்க வசதியான இடத்தில் மாட்டிவிடுகிறோம்.

சோபாவும் பின்சுவரும்

நம் ஹால்கள் முக்கால்வாசி ஒரே மாதிரி. ஒரு சுவரில் டிவி, எதிர்ச்சுவரில் முதுகு ஒட்டிய சோபா. சரவுண்ட் இரண்டும் அந்தப் பின்சுவரின் இரண்டு மூலைகளில், தலைக்கு மேலே. 5.1 அமைப்பில், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்த செட்டில், அதிகம் பார்க்கிற தவறு இதுதான்.

5.1-இல் சரவுண்ட் என்பது பின்பக்க ஸ்பீக்கர் இல்லை, பக்கவாட்டு ஸ்பீக்கர். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கடிகாரத்தின் நடுவாகவும், டிவியை 12 மணியாகவும் வைத்துக்கொண்டால், வலது சரவுண்ட் 4 மணியிலிருந்து சற்று 3 பக்கமாகவும் இடது சரவுண்ட் 8 மணியிலிருந்து சற்று 9 பக்கமாகவும் வர வேண்டும். சரவுண்ட் ஒலி முறைகளை உருவாக்கும் டால்பி கம்பெனி சொல்லும் கணக்கு, டிவியிலிருந்து 110 முதல் 120 டிகிரி. அதாவது காதுக்கு நேர்ப்பக்கத்திலிருந்து கொஞ்சம் பின்னால். நம் காதுக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியில்தான் 'நம்மைச் சுற்றி நடக்கிறது' என்ற உணர்வு அதிகம். நேர் பின்னாலிருந்து வந்தால் சுற்றிவரும் உணர்வு போய்விடும், முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒரு பெட்டி பாடுகிறது என்றுதான் தோன்றும்.

கோணமானி தேவையில்லை, டேப் போதும். உங்கள் தலையிலிருந்து பக்கச்சுவர் வரை அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு 3 அடிக்கும் 1 அடி வீதம் பின்னால் தள்ளி, அதே பக்கச்சுவரில் குறி வையுங்கள். 10 அடி அகல அறையில் நடுவில் உட்கார்ந்தால் பக்கச்சுவர் 5 அடியில் இருக்கும். காதுக்கு நேர்க்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றேமுக்கால் அடி பின்னால் மாட்டினால் 110 டிகிரி பக்கம் வந்துவிடும். 3 அடி பின்னால் போனால் 120.

இதற்கு சோபாவுக்குப் பின்னால் இடம் வேண்டும். முடிந்தால் சோபாவை 2, 3 அடி முன்னால் இழுத்துப் போடுங்கள். பின்சுவரில் மோதி உடனே காதுக்குத் திரும்புகிற ஒலியும் குறையும், வசனம் தெளியும். ஹால் சின்னது, இழுக்க முடியாது என்றால் சரவுண்டைப் பக்கச்சுவரிலேயே காதுக்கு நேராக, 90 டிகிரியில் மாட்டுங்கள். பின்சுவர் மூலையைவிட அது எவ்வளவோ மேல். ஒரு பக்கம் சுவரே இல்லாமல் டைனிங் பக்கம் திறந்திருக்கும் ஹாலில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு ஸ்டாண்ட் வாங்கிக்கொள்ளலாம். சுவர் இருக்கிற பக்கம் காதுக்கு நேராகவும், இல்லாத பக்கம் பின்மூலையிலும் என்று கோணலாக மாட்டுவதைத் தவிருங்கள்.

இப்படிப்பட்ட ஹாலுக்கு 7.1 வாங்குவது வீண் செலவு. 7.1-இல் கூடுதலாக வரும் இரண்டு ஸ்பீக்கர் 135 முதல் 150 டிகிரியில், உண்மையிலேயே உங்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் 4, 5 அடியாவது இல்லாத அறையில் அவை எங்கே நிற்கும்? அந்தப் பணத்தை நடு ஸ்பீக்கருக்கோ சப்வூஃபருக்கோ போடுங்கள்.

தியேட்டர் உயரம் வீட்டுக்கு ஆகாது

மதுரைக்காரர்களுக்குத் தியேட்டர்தான் அளவுகோல். 1952-இல் 'பராசக்தி'யோடு திறந்து, இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்கைகளோடு ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கிய தங்கம் தியேட்டர் இருந்த ஊர் இது. அதனாலோ என்னவோ, வீட்டில் மாட்டும்போதும் தியேட்டர் சுவர்தான் கண்ணில் நிற்கிறது. "அண்ணே, தியேட்டர்ல மேலதானே இருக்கு, சீலிங்கை ஒட்டி மாட்டிரவா?" என்று எலெக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடி கேட்பார். வீட்டுக்காரரும் தலையாட்டிவிடுவார்.

தியேட்டரில் ஏன் உயரம்? சுவரோரம் உட்கார்ந்திருப்பவர் காதில் ஒரே ஸ்பீக்கர் அறையக் கூடாது, நூற்றுக்கணக்கான இருக்கைகளுக்கும் ஓரளவு சமமாகப் போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தான் ஒன்று இரண்டு இல்லாமல், சுவர் நெடுக வரிசையாக வைக்கிறார்கள். வீட்டில் நான்கைந்து பேருக்கு இரண்டே ஸ்பீக்கர். அதை 9 அடி உயரத்தில் வைத்தால், தெருவில் நடக்க வேண்டிய கூட்டத்தின் சத்தம் மாடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். பின்னாளில் அட்மாஸுக்கு, அதாவது தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறைக்கு, மாற நினைத்தால், மேலே இருக்கும் ஸ்பீக்கருக்கும் பக்கத்து ஸ்பீக்கருக்கும் வித்தியாசமே தெரியாது.

காது மட்டம், அல்லது அதற்குச் சற்று மேல். சோபாவில் உட்கார்ந்தால் காது பெரும்பாலும் மூன்றரை அடி பக்கம் வரும். சரவுண்டை 4 முதல் 5 அடிக்குள் வைத்தால் சரியாக இருக்கும். சோபா முதுகோ குஷனோ பக்கத்தில் இருப்பவர் தலையோ மறைக்காத உயரம் முக்கியம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் வீடுகளில் படம் பார்க்க எல்லோரும் சோபாவில் உட்காருவதில்லை. பெரியவர்கள் சோபாவில், பிள்ளைகள் பாயில் சாய்ந்து, அம்மா ஓரமாக ஒரு நாற்காலியில். யார் எங்கே உட்காருகிறார்கள் என்று நாலு நாள் சும்மா கவனித்துவிட்டு அப்புறம் சுவரில் குறி வையுங்கள். எல் வடிவ சோபா என்றால் ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு சரவுண்ட் 2 அடியிலும் இன்னொன்று 8 அடியிலும் வந்துவிடும். தூரம் பாதியானால் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும் என்பதால், அவர் காதில் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும்தான் விழும். அந்த அறையில் மட்டும் உயரத்தை 6 அடி வரை ஏற்றி, ஸ்பீக்கர் முகத்தைப் பக்கத்து ஆளைப் பார்க்காமல் எதிர்ப்பக்கத்து ஆளைப் பார்க்கத் திருப்புங்கள். ஓரத்து இருக்கையும் பிழைக்கும், நடு இருக்கையும் கெடாது.

அட்மாஸும் ஃபேனும்

கூரையில் ஸ்பீக்கர் பதிக்க நினைப்பவர்கள் ஃபேனை மறந்துவிடுகிறார்கள். மதுரை வெயிலில் ஃபேன் இல்லாமல் ஹால் கிடையாது. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே இறக்கை சுழன்றால், ஒலி வெட்டி வெட்டி வரும். ஃபால்ஸ் சீலிங் போடும்போதே உட்காரும் இடத்தையும் ஃபேன் கொக்கியையும் சேர்த்துக் குறித்து, இறக்கை குறுக்கே வராதபடி ஸ்பீக்கருக்குத் துளை போடச் சொல்லுங்கள். மேல்நோக்கிப் பாடி கூரையில் பட்டுத் திரும்பும் வகை ஸ்பீக்கருக்குச் சமமான, கெட்டியான கூரை வேண்டும். ஓட்டுக்கூரையிலும், மர உத்தரம் தெரிகிற பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையிலும் அது சரியாக வேலை செய்யாது.

வாங்கும்போது

பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் பிஎம்பிஓ, அதாவது நொடிப்பொழுது உச்ச சக்தி என்ற எண்ணைப் பார்க்கவே வேண்டாம். ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருப்பார்கள். அந்த எண்ணுக்குப் பொது அளவுமுறை எதுவும் கிடையாது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் சக்தி, எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிட முக்கியம் சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் எத்தனை டெசிபல் வரும் என்பது. 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். 88 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 85 டெசிபல் ஸ்பீக்கரைவிடப் பாதி சக்தி போதும். 12 அடி ஹாலில் சாதாரணமாகப் படம் பார்க்க, சரவுண்டுக்குச் சில வாட்டுக்கு மேல் போவதே அபூர்வம்.

முன்னால் மூன்றும், அதாவது இடது, வலது, நடு, ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சரவுண்டும் அதே வரிசையாக இருந்தால் நல்லது, பட்ஜெட் இடித்தால் அதே கம்பெனியின் சின்ன மாடல் போதும். இரண்டு பக்கமும் எதிரெதிராகப் பாடும் டைபோல் வகையைப் பழைய வழிகாட்டிகள் சொல்லியிருக்கும். அட்மாஸ் எண்ணம் இருந்தால் அது வேண்டாம், நேராகப் பாடும் சாதாரண ஸ்பீக்கரே சரி.

வயர்லெஸ் சரவுண்ட் என்று விற்பதில் பெரும்பாலானவற்றிலும் வயர் உண்டு. ரிசீவரிலிருந்து வரும் வயர்தான் இல்லை, கரண்ட் வயர் அவசியம். மாட்டும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வயர்

பூச்சு வேலைக்கு முன்னால், சரவுண்ட் வரும் இடங்களுக்கு டிவி சுவரிலிருந்து தனி பிவிசி பைப் பதித்துவிடுங்கள். லைட், ஃபேன் வயர் போகும் பைப்பிலேயே ஸ்பீக்கர் வயரையும் நுழைத்துவிடுவது எலெக்ட்ரீஷியன்களுக்குப் பழக்கம். உரக்கச் சொல்லித் தடுக்க வேண்டும். பாதுகாப்புக்கும் அது ஆகாது, இரைச்சலுக்கும் வழி. இரண்டும் குறுக்கே கடக்க வேண்டி வந்தால் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும், பக்கம் பக்கமாக நெடுக ஓட வேண்டாம்.

1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் பெரும்பாலான ஹால்களுக்குப் போதும். 50 அடிக்கு மேல் ஓடினால் 2.5 போடுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் மலிவாகக் கிடைக்கும். நுனியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதை வாங்காதீர்கள்.

சிவப்பும் கறுப்பும் ஒரே ஒரு ஸ்பீக்கரில் மாறிவிட்டால் சத்தம் வரும், ஆனால் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது. சுவருக்குள் போன வயரில் எது எது என்று குழம்பினால் ஒரு 1.5 வோல்ட் பென் டார்ச் பேட்டரி போதும். ரிசீவரிலிருந்து வயரைக் கழற்றி, அந்த முனையை பேட்டரியில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஸ்பீக்கர் பக்கம் ஒருவர் நின்று கோனை, அதாவது முன்னால் அசையும் கூம்பை, பார்க்கட்டும். கோன் வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்டதுதான் சிவப்பு முனைக்குப் போகும் வயர். உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது.

அறை

டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஷோகேஸ். நம் ஹாலில் கை தட்டினால் 'ணங்' என்று ஒலிக்கும். அந்த அறையில் எவ்வளவு நல்ல சரவுண்டும் மங்கிவிடும். ஜன்னலுக்குக் கனமான திரை, சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் தடிமனான கார்ப்பெட், பின்சுவரில் புத்தக அலமாரி, இவ்வளவு செய்தாலே மாற்றம் தெரியும். கோரைப்பாய் விரித்தால் பெரிய பலன் இருக்காது, அது மெல்லியது.

அளவெடுப்பு

இப்போதைய ரிசீவர்களில் மைக் வைத்துத் தானாகவே அளவெடுக்கும் வசதி இருக்கிறது. பலர் அந்த மைக்கைப் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. எடுப்பவர்களும் பகலில், ஃபேன் ஓட, அடுப்பில் குக்கர் இருக்க, சோபா முதுகில் வைத்து அளக்கிறார்கள். ராத்திரி தெரு அடங்கிய பிறகு ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். மைக்கை ட்ரைபாடில் காது உயரத்தில், நீங்கள் உட்காரும் இடத்திலேயே நிறுத்தி, அளந்து முடியும் வரை அசையாமல் இருங்கள்.

அளவெடுத்த பிறகு மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். சின்ன சரவுண்டையும் 'லார்ஜ்' என்று அது எழுதியிருக்கலாம். 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவர் என்ற ஒலி பிரிக்கும் எல்லையை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், கைப்பிடி அளவு ஸ்பீக்கர் என்றால் 100 அல்லது 120. கனத்த ஒலி சப்வூஃபருக்குப் போய்விடும், சரவுண்ட் இலகுவாக வேலை செய்யும்.

அப்புறம் ஒரு ஆசையை அடக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று சரவுண்ட் அளவை மட்டும் ஏற்றிவிடுகிறோம். படத்தில் சரவுண்ட் எந்நேரமும் பாடாது. மழை, திருவிழாக் கூட்டம், காட்டின் பூச்சிச் சத்தம், கடந்து போகும் பஸ் என்று தேவைப்படும்போதுதான் வரும். இரண்டு பேர் மெதுவாகப் பேசும் காட்சியில் அது ஏறக்குறைய மௌனமாக இருப்பதுதான் சரி. ஏற்றிவிட்டால் அந்தக் காட்சியில் பின்னால் எதுவோ சலசலக்க, கண் திரையை விட்டுப் போய்விடும். பழக நேரம் கொடுத்தும் குறைவாகப் பட்டால் 1, 2 டெசிபல் ஏற்றலாம்.

சரவுண்ட் பாடவே இல்லை என்றால்

ஸ்பீக்கர் போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ரிசீவரின் டெஸ்ட் டோனைப் போடுங்கள். அதில் இரண்டு சரவுண்டும் சத்தம் கொடுத்தால் ஸ்பீக்கரும் வயரும் நன்றாக இருக்கின்றன, சிக்கல் ஒலி வரும் வழியில்தான். டிவியின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் 'பிசிஎம்' என்று இருந்தால், பல டிவிகளில் இரண்டு சேனல்தான் வெளியே வரும். 'பாஸ் த்ரூ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்றுங்கள். ஓடிடி செயலிகள் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சரவுண்ட் வடிவில் அனுப்புகின்றன. அதற்கு எச்டிஎம்ஐ ஆர்க், அதாவது டிவியின் ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ வழி, போதும், ஆனால் பழைய ஆப்டிகல் கேபிளில் அது போகாது. ப்ளூரே பிளேயர் இருந்தால் டிவி வழியாக வராமல் நேராக ரிசீவரில் சொருகுங்கள். நீங்கள் பார்க்கும் படம் ஸ்டீரியோவில் மட்டும் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய தமிழ்ப் படங்கள் பல மோனோதான். ரிசீவரின் முகப்பில் வந்துகொண்டிருக்கும் ஒலி வடிவத்தின் பெயர் ஓடும், படம் தொடங்கியதும் அதை ஒரு முறை படித்துவிடுங்கள்.