காட்டு முகாமுக்குப் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

படத்தில் பார்த்தால் தென்னாப்பிரிக்காவின் எல்லாக் காட்டு முகாமும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நாளில் ஆறேழு மணி நேரம் நீங்கள் உட்காரப்போவது விலங்கு பார்க்கப் போகும் வண்டியில். அதனால் அறையைப் பற்றி விசாரிக்குமுன் வண்டியைப் பற்றி விசாரியுங்கள்.

ஒரு வண்டியில் எத்தனை பேர்? மூன்று வரிசைத் திறந்த லேண்ட் குரூஸரில் ஒன்பது, பத்துப் பேரை ஏற்றலாம். ஆறு பேரோடு நிறுத்தும் முகாமில் எல்லாருக்கும் ஓர இருக்கை கிடைக்கும். நடுவில் சிக்கியவருக்குப் பாதிக் காடு பக்கத்தவர் தோள்தான். வழிகாட்டியோடு விலங்குகளின் காலடித் தடம் பார்ப்பவரும் வருகிறாரா என்று கேளுங்கள். எவ்வளவு நிலத்தில் வண்டி ஓட்ட உரிமை இருக்கிறது என்பதும் முக்கியம். முகாம் பெரிய காப்புக்காட்டுக்குள் இருந்தாலும் அடுத்தவர் நிலத்துக்குள் போக அனுமதி இல்லாமல் இருக்கலாம். சாபி சாண்ட் போன்ற தனியார் காடுகளில் சிறுத்தையைத் தொடர்ந்து பாதையை விட்டு இறங்கலாம். அதை ஒட்டிய குரூகர் தேசியப் பூங்காவின் பொதுப் பாதைகளில் அது கூடாது. இரண்டுக்கும் நடுவே இருந்த வேலியை 1993இல் எடுத்துவிட்டதால் விலங்குகள் இருபுறமும் நடமாடுகின்றன.

மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். புல் குட்டையாகி, விலங்குகள் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி வரும். விடியற்காலைக் குளிர் கடுமை. கையுறையும் கம்பளித் தொப்பியும் வேண்டும். புரட்டாசி இந்தக் காலத்தின் கடைசியில் வருகிறது, காடு பார்க்க அருமையான நேரம். தைப்பூசக் காவடி முடித்துப் போனால் மழைக்காலம்: புல் ஆளுயரம், விலங்கு கண்ணில் படுவது குறைவு, பறவைகள் ஏராளம்.

விரதக்காரர்கள் சாப்பாட்டில் கவனமாக இருக்க வேண்டும். தொலைதூர முகாமுக்குச் சரக்கு தினமும் வராது. போய் இறங்கிச் சொன்னால் உருளைக்கிழங்கும் சாலடும்தான் மிஞ்சும். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதினால் முட்டை வரும், சூப்பில் கோழிச் சாறும் இருக்கலாம். “இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு எதுவும் வேண்டாம், பிராய் (இறைச்சி சுடும் அடுப்பு) போடும் கம்பியில் எங்கள் காய்கறியை வாட்ட வேண்டாம், தனிச் சட்டி வேண்டும்” என்று பதிவு செய்யும்போதே எழுதுங்கள், ஒரு வாரம் முன்னால் நினைவூட்டுங்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோனால் சமையலறையில் கொடுத்து வையுங்கள். கூடாரத்தில் வைத்தால் குரங்கு ஜிப்பைத் திறந்து எடுத்துவிடும். நீங்களே சமைக்கும் குரூகரின் சிறு முகாம்களில் (பட்டெலூர், தலமாட்டி போன்றவை) கடையும் இல்லை, பெட்ரோலும் இல்லை. வழியிலுள்ள பெரிய முகாமில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

குரூகரும் அதை ஒட்டிய காடுகளும் மலேரியாப் பகுதி. செப்டம்பர் முதல் மே வரை அபாயம் அதிகம். மருத்துவரைப் பார்த்து, போவதற்கு ஓரிரு நாள் முன்பே மாத்திரை தொடங்க வேண்டும். திரும்பிய பிறகு மலரோன் என்றால் ஏழு நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் நான்கு வாரம். பாதியில் விடுவதுதான் வழக்கமான தவறு. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் மலேரியா இல்லாத மடிக்வே, பிலானஸ்பர்க், ஆடோ காப்புக்காடுகளுக்குப் போங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பல முகாம்கள் திறந்த வண்டியில் ஏற்றுவதில்லை.

வேலி இல்லாத முகாமில் இருட்டிய பின் காவலர் துணையில்லாமல் நடக்கக் கூடாது. தாத்தா பாட்டி வந்தால் சாப்பாட்டுக் கூடத்துக்கு மிக அருகிலுள்ள கூடாரத்தைக் கேட்டு வாங்குங்கள். சூரிய மின்சாரத்தில் இஸ்திரிப் பெட்டி, முடி உலர்த்தி ஓடாது. இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டியும், தூக்கத்தில் மூச்சுக்கருவி வைப்பவருக்கு இரவு முழுக்க மின்சாரமும் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

முதல் தடவை என்றால் டர்பனிலிருந்து சுமார் மூன்று மணி நேரத்தில் இருக்கும் இம்ஃபொலோசி காப்புக்காட்டின் ம்பிலா முகாமில் இரண்டு இரவு தங்கிப் பாருங்கள். அங்கேயும் வேலி இல்லை. இரவுச் சத்தம் வீட்டாருக்கு ஒத்துவருமா என்பது பெரிய பணம் கட்டுமுன்பே தெரிந்துவிடும். குரூகருக்குக் காரில் போவதானால் பூங்காவின் வாயில் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: மண்பாதையில் வேக வரம்பு 40 கி.மீ., ஆக 100 கி.மீ. தூரத்துக்கு எங்கும் நிற்காமலே இரண்டரை மணி நேரம். வழியில் யானைக்கூட்டம் பாதையை மறித்தால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை, அதற்கு இன்னொரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.