டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் செய்யும் தவறுகள்

வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்றால் மெஷினில் இருப்பது 12 மணி நேரம்தான். மீதி 156 மணி நேரம் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் உடம்பு நன்றாக இருப்பதும் படுத்தே கிடப்பதும்.

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது நாங்கள் செய்த முதல் தவறு, தண்ணீரை மட்டும் கட்டுப்படுத்தியது. அரை டம்ளரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உதட்டை நனைத்துக்கொண்டே இருப்பார், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். சாப்பாட்டில் உப்பு மட்டும் குறையவே இல்லை. உப்பு உள்ளே போனால் தாகம் எடுக்காமல் இருக்குமா? உடம்பில் நீர் சேர்ந்து எடை ஏறி, நான்கு மணி நேரத்தில் அத்தனை நீரையும் இழுக்கும்போது பிரஷர் இறங்கி, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, அன்று முழுக்க எழுந்திருக்க முடியாது. உப்பைக் குறைத்த பிறகுதான் தாகம் அடங்கியது. ஆனால் உப்புக்குப் பதிலாக விற்கும் மாற்று உப்பைத் தொடாதீர்கள். அதில் பெரும்பாலும் பொட்டாசியம்தான், அது கூடினால் இதயமே நின்றுபோகலாம்.

அடுத்தது, "இன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரம் எடுத்துவிடுங்கள்" என்று கேட்பது. ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் குறைத்தால் வருடத்துக்கு 39 மணி நேரம், கிட்டத்தட்ட பத்து டயாலிசிஸைத் தவறவிட்டது போல.

ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையைத் தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள், விரலுக்கடியில் கிர்ரென்று ஒரு அதிர்வு ஓடும். அது நின்றிருந்தால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்கக் கூடாது, உடனே போக வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள், யார் கேட்டாலும் சரி.

டயாலிசிஸுக்கு முன்பு சொன்ன "புரதம் குறை" பத்தியத்தையே பலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். டயாலிசிஸில் புரதச்சத்து வெளியேறுவதால் இப்போது கூடுதலாகத் தேவை, உங்கள் அளவை உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸ் உடம்பில் சேராமல் தடுக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் பலனில்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு வருத்தம் தருவது, அரிப்பையும் தூக்கமின்மையையும் மனச்சோர்வையும் "இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று நினைத்து டாக்டரிடம் சொல்லாமல் விடுவதுதான். அப்பா மாதக்கணக்கில் ராத்திரி முதுகைச் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்ன பிறகு மருந்து மாற்றினார்கள், தூங்கினார். மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு, தயவுசெய்து கேளுங்கள்.

அப்புறம், ஊருக்கே போக முடியாது என்று முடிவு கட்டிவிடுவது. போகிற ஊரில் உள்ள டயாலிசிஸ் மையத்தில் சில வாரங்களுக்கு முன்பே இடம் கேட்டு வையுங்கள், டிரை வெயிட் (உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது உள்ள எடை), ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) அளவு, சமீபத்திய ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா அப்படித்தான் போய், பேத்தியோடு நான்கு நாள் இருந்துவிட்டு வந்தார்.