ஆர்கேட் விளையாட்டை மாற்றி எழுதுவோர் கவனத்திற்கு

காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் இருந்த பழைய ஆர்கேட் வீடியோ விளையாட்டைப் பொழுதுபோக்காக வேறொரு கணினிக்கு மாற்றி எழுதுவோர், இலவசமாகத்தானே தருகிறோம் என்று எண்ணி மூல ரோம் கோப்பையும் (அசல் இயந்திரத்தின் நினைவகச் சில்லிலிருந்து நகலெடுத்த நிரலும் படங்களும்) சேர்த்து வெளியிடக் கூடாது. காசு வாங்காதது மட்டுமே பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றுத் தராது. பேக்-மேன் விளையாட்டைப் போலவே இருந்த கே.சி. மஞ்ச்கின் என்ற விளையாட்டின் மீதான வழக்கில், 1982-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், புதிர்ப்பாதையும் புள்ளிக் கணக்கும் பெரும்பாலும் பொதுவானவை என்றாலும் விழுங்கும் உருவமும் துரத்தும் பேய்களும் பாதுகாப்புக்கு உரியவை எனக் கருதி, அதன் விற்பனைக்குத் தடை விதிக்க வழிசெய்தது. ஆகவே ஆட்ட விதியை மட்டும் எடுத்துக்கொண்டு, நிரல், உருவங்கள், ஒலி ஆகியவற்றைப் புதிதாக உருவாக்குங்கள். பெயரையும் மாற்றிவிடுங்கள், வணிகக்குறி தனி வில்லங்கம். மூலப் படங்கள் இருந்தே ஆகவேண்டுமெனில், பயனரிடம் உள்ள ரோமிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்கும் நிரலை மட்டும் கொடுப்பது, முழுப் பாதுகாப்பு இல்லையென்றாலும், ஆபத்தைக் குறைக்கும்.