காட்டெருமைக்குக் கலர் அடிக்கப் போய்…

கோத்தகிரி வீட்டு டிரங்குப் பெட்டியில் பெரியப்பா இந்தியன் இங்க்கில் வரைந்த ஒரு கார்ட்டூன் கிடந்தது. மப்ளர் சுற்றிய காட்டெருமை ஒன்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸை ஊதிக்கொண்டிருக்கும். அதற்குக் கம்ப்யூட்டரில் கலர் கொடுக்க ஆசைப்பட்டு மூன்று முறை கெடுத்தேன். நீங்களும் அதே பள்ளங்களில் விழ வேண்டாம்.

முதல் சொதப்பல், போனில் படம் பிடித்தது. ஒரு ஓரம் இருட்டு, கொம்பு கோணல். சரி என்று ஸ்கேனருக்குப் போனேன். கருப்பு வெள்ளைப் படம்தானே என்று ஸ்கேனரிலும் ‘கருப்பு வெள்ளை’யைத் தேர்ந்தெடுத்தேன். அது ஒவ்வொரு புள்ளியையும் ஒன்று முழுக் கருப்பு, இல்லையென்றால் முழு வெள்ளை என்று தீர்த்துவிடுகிறது. பேனாக் கோட்டின் விளிம்பெல்லாம் படிக்கட்டு. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), அதுவும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள்.

கலரில் எதற்கு? எங்கள் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்காத காகிதம் கிடையாது. மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அந்த ஸ்கேனைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று சேனல் சேனலாகப் பிரித்துப் பாருங்கள். நீலச் சேனலில் கறை கருப்பாக முறைக்கும். சிவப்புச் சேனலில் பெரும்பாலும் வெளிறிப்போய், இங்க் மட்டும் தனியாக நிற்கும். அந்தச் சிவப்புச் சேனலை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் பாதி அழிப்பான் வேலை மிச்சம். மிச்சக் கறையைப் போக்க, கருப்பையும் வெளுப்பையும் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸை ஒரேயடியாக இழுக்காதீர்கள். காட்டெருமையின் காது மயிர் அப்படித்தான் எனக்குப் போனது.

சேமிக்கும் கோப்பு வகை பிஎன்ஜி அல்லது டிஃப். ஜேபெக் வேண்டாம், கோட்டைச் சுற்றி அழுக்குப் பொட்டுகள் வரும்.

அடுத்த சொதப்பல், படத்தின் மேலேயே பக்கெட்டை, அதாவது ஒரே சொடுக்கில் கலர் நிரப்பும் கருவியை, கவிழ்ப்பது. கலர் கொடுக்கும் மென்பொருள்களில் கிருட்டா, கிம்ப் இரண்டுமே இலவசம். இரண்டிலும் லேயர், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு, உண்டு. கோட்டுப் படத்தை மேல் லேயரில் வைத்து, அந்த லேயருக்கு ‘மல்டிப்ளை’ என்ற கலப்பு முறையைக் கொடுத்தால் வெள்ளை மறைந்து கோடு மட்டும் நிற்கும். கலரெல்லாம் அதற்குக் கீழே. கோட்டின் விளிம்பு சாம்பல் நிறமாக இருப்பதால் பக்கெட் அங்கேயே நின்று, சுற்றிலும் வெள்ளை நூல் ஓட்டியதுபோல் ஆகிவிடும். நிரப்ப வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த எல்லையை இரண்டு பிக்ஸல் விரித்துவிட்டு ஊற்றினால் கலர் கோட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். வாலருகே கோடு விட்டுப்போய், கலர் ஒழுகி வானமெல்லாம் பழுப்பானால் பெரியப்பாவின் கோட்டில் கைவைக்காதீர்கள். தனி லேயரில் ஒரு அணைக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

காட்டெருமை கிட்டத்தட்டக் கருப்புதான். அந்த நிஜக் கருப்பை அப்படியே அடித்தால் கோடு மூழ்கிவிடும். மிஞ்சுவது கொம்பு முளைத்த ஒரு நிழல். நாலு படி வெளிறிய செம்பழுப்பு போதும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் வெள்ளைக் காலுறையைத் தூய வெள்ளையாக விடாமல் காகித நிறத்தில் விடுங்கள். வரையாடு வரைந்திருந்தால் இன்னொரு கவனம்: முதுகில் சேணம் போட்டதுபோன்ற வெளிர்த் திட்டு, வளர்ந்த கிடாவுக்கு மட்டும்தான், பெட்டைக்கும் குட்டிக்கும் இல்லை. கார்ட்டூன்தானே, ஊதா எருமையும் செல்லும் என்பீர்கள். செல்லும். ஆனால் உடம்பு நிஜம், கால் கற்பனை என்று பாதியில் நிற்பதுதான் கண்ணை உறுத்துகிறது.

பேனாவால் குறுக்குக் கோடு இழுத்திருந்தால் அதுவே நிழல். அதன் மேல் ஏர்பிரஷ் பளபளப்பு ஏற்றினால் திருவிழாக் கடை பிளாஸ்டிக் பொம்மை ஆகிவிடும். அச்சடிக்கப் போகிறவர்கள் ஒரு மூலையை மட்டும் முதலில் அடித்துப் பாருங்கள். திரையில் ஜொலிக்கும் தேயிலைப் பச்சை காகிதத்தில் மங்கித்தான் விழும்.

பழைய பத்திரிகைப் படம் என்றால் யாருடையது என்று பாருங்கள். இந்தியாவில் ஓவியர் காலமாகி 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளிடமோ, அதை வாங்கியவர்களிடமோ இருக்கும். மூலையில் இருக்கும் கையெழுத்தை அழுக்கென்று துடைத்துவிடாதீர்கள்.

என் கடைசித் தவறு, கேட்காதது. மப்ளருக்குப் பச்சை அடித்து, பிரேம் போட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“மப்ளர் மெரூன் கலரு கண்ணு. நான்தான பின்னிக் குடுத்தேன்.”

லேயர் தனியாக இருந்ததால் மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிரேமைப் பிரிக்கத்தான் நேரமானது.