முதலில் குதியுங்கள், அப்புறம் குடியுங்கள்: குவீன்ஸ்டவுனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூசிலாந்தின் தென்தீவில் குவீன்ஸ்டவுனிலிருந்து கிழக்கே அரை மணி நேரம் காரில் போனால் கவராவ் ஆற்றின் மேல் ஒரு பழைய தொங்கு பாலம் வரும். 1880இல் திறந்த பாலம். 1988 நவம்பரில் ஏ.ஜே. ஹேக்கெட்டும் ஹென்றி வான் ஆஷும் காலில் ரப்பர் கயிறு கட்டிக் குதிக்கும் பஞ்சி ஜம்பைத் தொழிலாக நடத்தத் தொடங்கியது இங்கேதான். உயரம் 43 மீட்டர். பாலத்தைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே கிப்ஸ்டன் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள் ஆரம்பித்துவிடும். தலைகீழாகத் தொங்குவதும் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயினை ருசிப்பதும் ஒரே சாலையில், பக்கத்துப் பக்கத்தில். கூட்டாளிகளோடு போகிறவர்கள் அங்கே சொதப்புவதற்கு இந்த வசதியே பாதிக் காரணம். நாங்கள் ஐந்து பேர் போனோம். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பாதி நாங்களே செய்தவை.

முதல் தவறு, வரிசை. காலையில் குளிராக இருக்கிறது, மெதுவாக எழுந்து, இரண்டு ஒயின் தோட்டங்களைப் பார்த்து, அங்கேயே மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மூன்று மணிக்குக் குதிக்கலாம் என்று தோன்றும். தோன்றினால் அடக்கிக்கொள்ளுங்கள். குடித்திருக்கிறான் என்று தெரிந்தால் குதிக்க விடமாட்டார்கள், கட்டிய காசும் கைக்கு வராது. 'தைரியத்துக்கு ஒரு கிளாஸ்தானே மச்சி' என்பது நம் ஊர்க் கிணற்று மேட்டில் வேண்டுமானால் எடுபடும். குதிப்பதைக் காலையில் வையுங்கள். அது முடிந்த பிறகு ஒரு மணி நேரத்துக்குக் கை நடுக்கம் நிற்காது. அந்த நடுக்கத்தோடு குடிக்கிற முதல் வாய் ஒயினுக்கு ஒரு தனி ருசி இருக்கிறது.

குதிக்கும் முன் உங்களை எடை போட்டு, எத்தனை கிலோ என்று பேனாவால் புறங்கையிலேயே எழுதிவிடுவார்கள். கயிற்றைத் தேர்வு செய்வது அந்த எண்ணை வைத்துத்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஏறிய பன்னிரண்டு கிலோவை மறைக்க வழியில்லை, மறைக்கவும் கூடாது. ரத்த அழுத்தம், கண் விழித்திரைப் பிரச்சினை, பழைய முதுகுவலி எதுவாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கூட வந்தவர்கள் கலாய்ப்பார்கள் என்று சிலர் இதை விழுங்கிவிடுகிறார்கள். எங்களில் ஒருவன் பலகையின் நுனி வரை போய், கீழே பச்சையும் நீலமுமாக ஓடும் தண்ணீரைப் பார்த்து, திரும்பி நடந்து வந்துவிட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு முதல் நாள் இரவே, திரும்பி வருகிறவனைக் கிண்டல் செய்யக் கூடாது என்று பேசி வைத்திருந்தோம். எங்கள் பயணத்தில் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பெயர் பெற்ற நெவிஸ் ஜம்ப் இந்தப் பாலத்தில் இல்லை. அது 134 மீட்டர். அங்கே சொந்தக் காரில் போக முடியாது. நகரத்திலிருந்து அவர்களுடைய வண்டியில்தான் போய் வர வேண்டும், கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் அதற்கே போய்விடும். இரண்டையும் ஒன்று என்று நினைத்து முன்பதிவு செய்துவிட்டால் ஒயினுக்கு ஒதுக்கிய நாள் காலி. மில்ஃபோர்டு சவுண்டு என்ற மலை சூழ்ந்த கடல் நுழைவாயும் இதே கதைதான். வரைபடத்தில் பக்கமாகத் தெரியும். சாலை வழியே ஒரு பக்கம் மட்டும் 290 கிலோமீட்டர், நாலு மணி நேரம். போய்விட்டு வந்து மாலையில் ஒயின் ருசிக்கலாம் என்றால், தோட்டக் கடைகள் பெரும்பாலும் ஐந்து மணிக்கே கதவை மூடிவிடும்.

ஒயின் பக்கம் வந்தால், எல்லோரும் கோட்டை விடுவது கணக்கில். ருசி பார்க்க ஊற்றுவது சுமார் 30 மில்லி. பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஆனால் ஒரு தோட்டத்தில் ஐந்து வகை ஊற்றினால் 150 மில்லி ஆகிறது. கிப்ஸ்டனும் அடங்கிய மத்திய ஒட்டாகோ வட்டாரத்தின் பினோ நுவாரில் ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அப்படியென்றால் ஒரு தோட்டத்திலேயே 16 கிராமுக்கு மேல் சுத்த ஆல்கஹால் உள்ளே போகிறது. நியூசிலாந்துக் கணக்கில் 10 கிராம் ஆல்கஹால் ஒரு 'ஸ்டாண்டர்டு டிரிங்க்', ஆக ஒன்றரைக்கும் மேல். நான்கு தோட்டம் ஏறி இறங்கினால் ஆறரை. 'கொஞ்சம் கொஞ்சமாகத்தானே குடித்தோம்' என்று சாவியை எடுக்கிறவன் அந்த நேரத்தில் நேராகப் பேசவும் செய்வான், அதுதான் ஆபத்து. அங்கே இருபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் என்பது எல்லை. 2014 டிசம்பரில் குறைத்தார்கள். நம் நாட்டின் 30 மில்லிகிராமைவிட இது தளர்வுதானே என்று நினைத்து ஓட்ட வேண்டாம். கிப்ஸ்டன் சாலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆற்றுப் பள்ளம்.

மேசையில் ஒரு சின்ன வாளி வைத்திருப்பார்கள். துப்புவதற்கும் மிச்சத்தை ஊற்றுவதற்கும்தான் அது. காசு கொடுத்ததைக் கீழே ஊற்றுவதா என்று நமக்கு மனசு வராது. ஒயின் ஊற்றித் தருகிறவர்களோ அதைத் தப்பாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாயில் வைத்துச் சுழற்றித் துப்புகிறவரை விவரம் தெரிந்தவர் என்றுகூட மதிப்பார்கள். அன்று சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், ஏனென்றால் பக்கத்தில் நிற்பவருக்கும் கிளாஸில் உங்கள் வாசனைதான் வரும். பாட்டிலில் தக்கைக்குப் பதில் திருகு மூடி இருப்பதைப் பார்த்து 'குவார்ட்டர் பாட்டில் மாதிரி இருக்கே' என்று எங்களில் ஒருவன் முகம் சுளித்தான். நியூசிலாந்து ஒயினில் மிகப் பெரும்பகுதி திருகு மூடியில்தான் வருகிறது. தக்கை கெட்டு ஒயின் நாறுவதைத் தவிர்க்க அவர்களாக யோசித்து மாறியது அது, விலை குறைவு என்பதற்கான அடையாளம் இல்லை.

காரே வேண்டாம் என்றால் ஆரோடவுனிலிருந்து சைக்கிள் பாதை இருக்கிறது. 1862இல் தங்கம் கிடைத்ததால் முளைத்த ஊர் அது. அங்கிருந்து ஆற்றோரமாக மிதித்து, தொங்கு பாலங்களைத் தாண்டி கவராவ் வழியாகத் தோட்டங்களுக்கே போய்விடலாம். வாடகைக்குத் தருகிறவர்களிடம் திரும்பி வர வேன் வேண்டும் என்று கிளம்பும்போதே சொல்லிவிட வேண்டும். நாங்கள் சொல்லவில்லை. மூன்று தோட்டத்து ஒயினும் எதிர்க்காற்றும் சேர்ந்து திரும்பி மிதித்த அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

காப்பீடு பற்றி ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. நியூசிலாந்தில் விபத்தில் அடிபட்டால் ஏ.சி.சி. என்ற அரசு அமைப்பு சுற்றுலா வந்தவரின் சிகிச்சைச் செலவிலும் பங்கெடுக்கும். அதனால் பயணக் காப்பீடு எதற்கு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். காய்ச்சல், நெஞ்சுவலி போன்ற நோய்களுக்கு ஏ.சி.சி. வராது. கால் உடைந்து விமானத்தைத் தவறவிட்டால் புது டிக்கெட்டுக்கும் வராது. காப்பீடு எடுக்கும்போது சாகச விளையாட்டுகள் அதில் அடங்குமா, குடித்திருந்தபோது நடந்த விபத்துக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்ற இரண்டு இடங்களை மட்டுமாவது படியுங்கள்.

விமான நிலையத்தில், கொண்டுபோகிற தின்பண்டம் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிவிடுங்கள். பருப்புப்பொடியையும் சேர்த்துத்தான். எழுதாமல் சிக்கினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். நடைபயண ஷூவையும் குறிப்பிட வேண்டும். கொல்லிமலை மண் ஒட்டிய என் ஷூவை அந்த அதிகாரி உள்ளே எடுத்துப்போய்க் கழுவிக் கொண்டுவந்து தந்தார். வாங்கிய நாளில்கூட அது அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

கடைசியாக, குழுவில் குடிக்காத ஒருவன் இருப்பான். அவனே டிரைவர் என்று யாரும் கேட்காமலே முடிவாகிவிடும். எங்கள் ஆளும் இரண்டு நாள் சிரித்துக்கொண்டே ஓட்டினான், மூன்றாம் நாள் சாவியை மேசையில் வைத்துவிட்டான். அன்று ஒயின் தோட்டங்களைச் சுற்றிவரும் பேருந்தில் டிக்கெட் எடுத்தோம். அதை முதல் நாளே செய்திருக்கலாம். ஊருக்குக் கிளம்பும்போது அவன் மறுபடி எல்லோருக்கும் வேண்டப்பட்டவன் ஆனான். இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் இரண்டு லிட்டர் மதுதான் கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு சரி, மூன்றாவது வைத்தால் தாண்டிவிடும். 'உன் கணக்கில் எங்களுடையதை வைத்துக்கொள்ளேன்' என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். ஒருவர் சலுகையை இன்னொருவரோடு சேர்க்க முடியாது என்பது ஒருபுறம் இருக்கட்டும், அவன் பெட்டியில் ஏற்கெனவே இரண்டு பினோ நுவார் துணியில் சுற்றி இருந்தது. இரண்டும் அவன் மாமனாருக்காம்.