ருமைஸா: பெயர் வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முஸ்லிம் பெண் குழந்தைகளுக்கு வைக்கும் ருமைஸா என்ற பெயருக்கு இணையத்தில் பொருள் தேடினால் 'பூங்கொத்து' என்று வரும். பக்கத்துக்குப் பக்கம் அதையே எழுதி வைத்திருக்கிறார்கள். அதிர்ஷ்ட எண், ராசிக்கல், உகந்த நிறம் எல்லாம் கூடவே வரும். குழந்தை பிறந்த ஏழாம் நாள் செய்யும் அகீகா சடங்குக்குள் பெயரை முடிவு செய்ய வேண்டிய அவசரத்தில் பெற்றோர் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். பெயரில் ஒரு குறையும் கிடையாது. மனதார விரும்பி வைக்க வேண்டிய பெயர். ஆனால் அதைச் சுற்றி உலவும் தகவல்கள் பலவும் பிழையானவை. சில பிழைகள் பெயரையே வேறொரு பெயராக மாற்றிவிடும்.

முதலில் அந்தப் பூங்கொத்தை எடுத்துக்கொள்வோம். அரபு அகராதிகளில் இந்தப் பொருளுக்கு இடமே இல்லை. பெயரின் வேர் 'ரமஸ்'. கண்ணின் ஓரத்தில் சேரும் வெள்ளை அழுக்கு, நாம் பீளை என்கிறோமே, அதுதான் ரமஸ். ஜவ்ஹரி போன்ற பழைய அகராதியாளர்கள் இதைத் துல்லியமாகவே பிரிக்கிறார்கள்: வழிந்தால் அது 'கமஸ்', உறைந்தால் 'ரமஸ்'. அப்படிக் கண் கலங்கிய பெண்ணுக்கு 'ரம்ஸா' என்று பெயர். அதைச் செல்லமாகச் சுருக்கினால் ருமைஸா. ஹஸன் ஹுஸைன் ஆவதும், ஹம்ரா ஹுமைரா ஆவதும் இதே வாய்பாட்டில்தான். கமஸ் என்ற வேரிலிருந்து இதே போல 'குமைஸா' வரும். இந்த இரண்டு பெயர்களும் ஒரே பெண்மணிக்கு மாறி மாறி வழங்கியவை.

இதைப் படித்ததும் பல பெற்றோர் இரண்டாவது தவறைச் செய்கிறார்கள். "ஐயோ, பீளையா? வேண்டாம், வேறு பெயர் பார்ப்போம்" என்று பெயரையே கைவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அரபுகள் இந்தப் பெயரை வானத்தில் ஒரு நட்சத்திரத்துக்கு வைத்திருந்தார்கள். ஓரியனுக்குக் கிழக்கே, சிறுநாய் விண்மீன் கூட்டத்தில் பளிச்சென்று தெரியும் புரோசியன் என்ற நட்சத்திரம்தான் அது. பூமியிலிருந்து சுமார் 11.5 ஒளியாண்டு தூரம். தை, மாசி மாதங்களில் முன்னிரவில் நம் ஊரிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். சிரியஸும் புரோசியனும் அரபுகளுக்கு 'ஷிஃரா' சகோதரிகள். இருவரும் சுஹைல் நட்சத்திரத்தோடு ஒன்றாக இருந்தார்களாம். சுஹைல் தெற்கே யமன் பக்கம் இறங்கிப் போனதும் ஒரு சகோதரி பால்வீதியைக் கடந்து பின்னாலேயே போய்விட்டாள். அவள்தான் சிரியஸ், 'கடந்து சென்றவள்'. மற்றவள் இக்கரையிலேயே நின்று, பிரிவு தாங்காமல் அழுது அழுது கண் மங்கிப்போனாள். அவள்தான் புரோசியன், 'குமைஸா'. சிறுநாய்க் கூட்டத்தின் இன்னொரு நட்சத்திரத்துக்குக் கோமீசா என்ற பெயர் இன்றும் இருக்கிறது. பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2016-ல் அதையே அதிகாரபூர்வப் பெயராக ஏற்றது. சொல்லின் வேரை மட்டும் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு இந்தக் கதை தெரிவதில்லை. அழுது கலங்கிய கண் என்பது அரபுக் காதில் அசிங்கமாக விழவில்லை, பாசமாகவே விழுந்திருக்கிறது.

இதைவிட முக்கியமான ஆதாரம் பெயரைத் தாங்கிய பெண்மணி. மதீனாவின் அன்சாரிகளில் (நபிக்குத் துணை நின்ற மதீனாவாசிகளில்) ஒருவரான உம்மு சுலைம் பின்த் மில்ஹான் (ரலி). அனஸ் இப்னு மாலிக்கின் (ரலி) தாய். அவருடைய இயற்பெயர் எது என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒன்றுபடவில்லை. ஸஹ்லா, ருமைலா, முலைக்கா என்று பல பெயர்கள் சொல்லப்படுகின்றன. ஆனால் ருமைஸா, குமைஸா என்ற பட்டப்பெயர்கள் ஹதீஸ்களிலேயே (நபிமொழிகளிலேயே) வருகின்றன. தாம் சொர்க்கத்தில் நுழைந்தபோது அபூ தல்ஹாவின் மனைவி ருமைஸாவைக் கண்டதாக நபி (ஸல்) சொன்னது புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அங்கே காலடி ஓசை கேட்டு "யார்?" என்று கேட்டபோது "குமைஸா பின்த் மில்ஹான், அனஸின் தாய்" என்று பதில் வந்தது முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பொருள் கெட்ட பெயர்களை நபி (ஸல்) மாற்றியிருக்கிறார்கள். 'கீழ்ப்படியாதவள்' என்று பொருள்படும் ஆஸியா என்ற பெயருடைய ஒரு பெண்ணுக்கு ஜமீலா என்று பெயர் மாற்றியது பிரபலமான சம்பவம். ருமைஸாவையோ அவர்களே சொர்க்கச் செய்தியோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு மேல் தயங்க என்ன இருக்கிறது?

பெயர்ப் பக்கங்களில் என்னை அதிகம் வருத்துவது, இந்தப் பெண்மணியை ஒரே வரியில் 'ஒரு நபித்தோழி' என்று முடித்துவிடுவதுதான். முதல் கணவர் இறந்து விதவையாக இருந்த உம்மு சுலைமை மணக்க அபூ தல்ஹா கேட்டு வந்தார். அப்போது அபூ தல்ஹா இஸ்லாத்தை ஏற்கவில்லை. உங்களைப் போன்றவரை மறுக்க முடியாது, ஆனால் நீங்கள் இஸ்லாத்தை ஏற்றால் அதுவே என் மஹர் (மணக்கொடை), வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் உம்மு சுலைம். அதைவிடச் சிறந்த மஹரை நான் கேள்விப்பட்டதே இல்லை என்று பிற்காலத்து அறிவிப்பாளர் ஸாபித் வியந்தது நஸாயீ என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. உஹுத் போரில் தண்ணீர்த் தோல்பைகளைச் சுமந்து ஓடியவர்களில் அவரும் ஒருவர். ஹுனைன் போரில் இடுப்பில் கத்தியோடு நின்றார். நபி (ஸல்) விசாரித்தபோது, எதிரி யாராவது கிட்டே வந்தால் வயிற்றைக் கிழித்துவிடுவேன் என்றார்; நபி (ஸல்) சிரித்தார்கள். மகன் அனஸைச் சிறு பையனாக இருக்கும்போதே நபியின் பணிவிடைக்கு அனுப்பினார். அந்தப் பையன் வளர்ந்து 2000-க்கும் மேற்பட்ட ஹதீஸ்களை அறிவித்தார். மகளுக்கு ருமைஸா என்று வைக்கிறவர் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது இதைத்தான். பூங்கொத்துக் கதை அவளுக்கு எதற்கு?

ஆளைக் குழப்பிக்கொள்வதும் நடக்கும். உம்மு சுலைமின் சகோதரி உம்மு ஹராம் (ரலி). சில அறிவிப்புகளில் ருமைஸா என்ற பட்டம் அந்தச் சகோதரிக்கும் வருகிறது. அதனால் இருவர் வரலாறும் எளிதில் கலந்துவிடும். கடல் கடந்து சைப்ரஸுக்குப் போன படையில் சேர்ந்து, அங்கே வாகனத்திலிருந்து விழுந்து இறந்தவர் உம்மு ஹராம். லார்னகா அருகே அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. அனஸின் தாய் அவரல்ல.

அதே போல 'குர்ஆனில் வரும் பெயர்' என்று பட்டியலிடுவதும் தவறு. ருமைஸா குர்ஆனில் இல்லை. அவளுடைய வானத்துச் சகோதரியான ஷிஃராவின் (சிரியஸின்) பெயர்தான் 53-வது அத்தியாயத்தின் 49-வது வசனத்தில் வருகிறது. குர்ஆனில் இல்லாத நல்ல பெயர்கள் எத்தனையோ உண்டு. அதனால் ஒரு பெயரின் மதிப்பு குறைந்துவிடாது. அதிர்ஷ்ட எண், ராசிக்கல் விஷயத்துக்கு அரபு மொழியோடும் தொடர்பில்லை, மார்க்கத்தோடும் தொடர்பில்லை. தாண்டிப் போய்விடுங்கள்.

சரி, இனி எழுத்துக்கு வருவோம். தமிழில் எழுதும் பெற்றோர் அதிகம் சறுக்குவது இங்கேதான். அரபியில் இந்தப் பெயரின் 'ஸ' ஒலி 'ஸாத்' எழுத்தில் வரும். அதையே 'ஸீன்' எழுத்தில் எழுதினால் வேர் மாறிவிடும். ஸீனில் எழுதும் 'ரம்ஸ்' என்ற சொல்லுக்கு மண்மூடிய கப்ர் (புதைகுழி) என்று பொருள்! தமிழில் இரண்டுமே 'ஸ'தான் என்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இன்று அரபு நாடுகளிலேயே பலர் ஸீன் போட்டு எழுதுவதால், இணையத்திலிருந்து பார்த்து எழுதுகிறவர் தவறான எழுத்தையே எடுத்துவிடுகிறார். மேலே சொன்ன ஆஸியாவிலும் இதே சிக்கல்தான். பெயர் மாற்றப்பட்ட அந்தப் பெண்ணின் பெயர் 'ஐன்' எழுத்தில் தொடங்கி ஸாதில் வருவது. எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் மனைவி ஆசியாவின் பெயர் 'அலிஃப்'பில் தொடங்கி ஸீனில் வருவது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால், நல்ல பெயரான ஆசியாவையே தடுக்கப்பட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபுத்தமிழில் (தமிழை அரபு எழுத்தில்) எழுதிய காலத்தில் இந்தக் குழப்பம் குறைவு. அரபுப் பெயரை அதன் சொந்த எழுத்திலேயே எழுதியிருப்பார்கள்.

ஒலியில் நெருங்கிய வேறு பெயர்களையும் கவனியுங்கள். ரமீஸா, சைகை என்று பொருள்படும் 'ரம்ஸ்' சொல்லிலிருந்து, 'ஸாய்' எழுத்தோடு வருவது. ருமைதா என்று நாம் எழுதும் பெயரும் தனி. உம்மு சுலைமின் இயற்பெயராகச் சொல்லப்படும் பல பெயர்களில் அதுவும் ஒன்று என்பதால் குழப்பம் கூடுகிறது. இவை எதுவும் கெட்ட பெயர் இல்லை, ஆனால் ஒன்றின் பொருளை இன்னொன்றுக்கு ஒட்டக்கூடாது.

பெயர் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கேள்விக்கும் இணையம் துணிந்து பதில் சொல்கிறது: 'இந்தியாவில் இத்தனையாவது இடம்' என்று. இந்தியாவில் ஆண்டுதோறும் குழந்தைப் பெயர்களைத் தரவரிசைப்படுத்தும் அதிகாரபூர்வப் பட்டியல் எதுவும் வெளிவருவதில்லை. பிறகு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா? அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் பட்டியல் வெளியிடுகிறது. ஓர் ஆண்டில் 5 குழந்தைகளுக்காவது வைத்த பெயர்தான் அதில் வரும். இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியலில் அந்த எல்லை 3. மேலும், ஆங்கில எழுத்து ஒன்று மாறினாலும் அதைத் தனிப் பெயராகவே எண்ணுவார்கள். ருமைஸாவை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுவதால் எண்ணிக்கை சிதறி, உள்ளதைவிட அரிதாகத் தெரியும்.

பாத்திமா, மர்யம் அளவுக்கு எங்கும் கேட்கிற பெயரில்லைதான். ஆனாலும் துருக்கியில் ருமெய்ஸா சகஜமான பெயர். போஸ்னியாவிலும் உண்டு. உலகின் உயரமான பெண் என்று 2021-ல் கின்னஸ் அங்கீகரித்த, 215.16 செ.மீ. உயரமுள்ள ருமெய்ஸா கெல்கி துருக்கிக்காரர். 2004-ல் சிகாகோ அருகே சுமார் கால் கிலோ எடையோடு பிறந்து, உயிர் பிழைத்த மிகச் சிறிய குழந்தை என்று அப்போது உலகச் செய்தியான ருமைஸா ரஹ்மானின் பெற்றோர் ஹைதராபாத்தைச் சேர்ந்தவர்கள். இந்த இரண்டு செய்திகளும் ஒரே பெயரில் அமைந்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

பதிவு விஷயத்தில் ஒரு வேலை வரிசை இருக்கிறது. முதலில் ஊர் ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் காட்டி அரபு எழுத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் தமிழ், அப்புறம் ஆங்கிலம். தமிழில் ருமைஸா, ருமைசா எதுவானாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நடுவில் ஐ வருமா ஒய் வருமா என்பதை மருத்துவமனைப் படிவம் நிரப்பும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். பிறப்பைப் பதியும்போதே பெயர் தர வேண்டும் என்று கட்டாயமில்லை. பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது லேசான காரியமில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தும் ஆதாரில் வேறொரு எழுத்தும் இருந்தால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டிவரும். நிச்சயமில்லாமல் ஏழாம் நாளே எழுதிக் கொடுப்பதைவிட, வீட்டில் ருமைஸா என்று கூப்பிட்டுக்கொண்டே, எழுத்து உறுதியான பிறகு அந்த ஓராண்டுக்குள் பதிவு அலுவலகத்துக்குப் போகலாம்.